பூநாரைகளுக்காக ஒரு தும்மல்

நம் வகுப்புப் பெண்கள் மட்டும் படியுங்கள். படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள். மாமா பக்கத்து அறையில் குறட்டை விடுகிறார். சிம்னி விளக்கைத் தணித்துக்கொண்டு பயந்து பயந்து எழுதுகிறேன்.

இன்று சாயங்காலம் நம் ஏரியில் நாமக்கோழிகளுக்கு நடுவே இரண்டு பூநாரைகள் நின்றன. விக்கிரவாண்டிப் பக்கம் நான் பார்த்ததே இல்லை. சிறகை விரித்தால் உள்ளே ரோஜா நிறம்!

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் வீட்டில் சொல்லிவிட்டேன். மாமா உடனே வலையை எடுத்தார்.

“நாலு வீட்டுக்குக் கறி ஆவும்டி!”

அவர் வாசல் தாண்டும்போது பொய்யாக ஒரு தும்மல் போட்டேன். ஒற்றைத் தும்மல் கேட்டால் மாமா மேலே ஓர் அடி வைக்கமாட்டார். உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். மறுபடி கிளம்பினார். மறுபடி தும்மினேன்.

“இன்னா பாப்பா, ஏரிக்காத்து ஒத்துக்கலியா?” என்று தன் துண்டை என் கழுத்தில் சுற்றிவிட்டார். எனக்கே பாவமாக இருந்தது. அம்மாவிடம் திரும்பி, “அக்கா, புள்ளைக்கு மொளவு கஷாயம் வெச்சிக் குடு.”

அந்தக் கஷாய நெடியில் நிஜமாகவே தும்மல் வந்தது. ஒன்றல்ல, இரண்டு!

மாமா துள்ளி எழுந்தார். “ரெட்டைத் தும்மல்! நல்ல சகுனம். இப்போ இருட்டிக்கினு வருது, நாளைக்குச் சாயங்காலம் போறேன்.”

பூநாரைகள் இன்னும் அங்கேதான் நிற்கின்றன.

உங்களில் ஒற்றையாகத் தும்மத் தெரிந்தவர்கள் யார் யார்? நாளை பள்ளிக்கூடம் விட்டதும் என்னோடு வந்துவிடுங்கள். எங்கள் வீட்டில் கஷாயம் கொடுத்தால் மட்டும் குடிக்காதீர்கள்.