வரி எடுத்த பிறகு வந்த போன்

திண்டிவனத்தில் நானும் என் நாத்தனாரும் சட்டை தைத்த கம்பெனியில் சட்டை வாங்கும் நாடு நம் துணிக்கு வரி போட்டு ஆர்டர் குறைந்ததும் எங்கள் இருவரையும் நிறுத்திவிட்டார்கள். விழுப்புரம் பக்கம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கும் வேலைக்குப் போனோம். ஒருநாள் மல்லாட்டைக் கொல்லையில் இருந்தபோது கம்பெனி சூப்பர்வைசர் எனக்குப் போன் செய்தார்.

"அந்த நாட்டுக்காரங்க நம்ம துணிக்குப் போட்ட வரிய எடுத்துட்டாங்கம்மா. ஆர்டர் குமிஞ்சு கெடக்கு. ஜல்தியா வாங்க."

"எங்க நாத்தனாருக்கும் மிஷின் குடுத்தா வர்றேன் சார். தனியா வரமாட்டேன்."

கொஞ்சம் யோசித்தார். "சரி, கூட்டிக்கினு வாங்க."

நாத்தனார் மண் கையோடு என் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எங்கேயோ இரண்டு நாடுகள் பேசி முடித்த வரி ஒப்பந்தம் எங்களைத் தேடி வந்தது ஆச்சரியமாக இருந்தது. மறு திங்கட்கிழமை கம்பெனி பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வழியெல்லாம் பேசிக்கொண்டே போனோம்.