கன்னம் வரை மறைக்கும் கண்ணாடி

கடையில் அவளுக்கு ‘ஹீரோயின்’ என்று பெயர். கறுப்புக் கண்ணாடி விற்கும் கடை அது. விற்பனைப் பெண்கள் காலையில் வந்ததும் சரக்கிலிருந்து ஒரு கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு நாள் முழுக்க நிற்க வேண்டும். முதலாளிக்கு அது சம்பளம் கேட்காத விளம்பரம். பாதி முகத்தை விழுங்கும் பெரிய கண்ணாடிதான் இப்போது பெண்களுக்கு மோகம். ஆகவே அவள் இருப்பதிலேயே பெரியதை எடுப்பதும், சாப்பிடும்போதுகூடக் கழற்றாததும் யாருக்கும் உறுத்தவில்லை. கேலியோடு விட்டுவிட்டார்கள்.

அந்த மோகம்தான் அவளுக்குச் சோறு போட்டது. இரு கண்களைச் சுற்றியும் அவளுக்குத் தோல் வெளுத்திருந்தது. முன்பு வேலை பார்த்த துணிக்கடையில், வெளுப்பு தெரிய ஆரம்பித்ததும் "வர்றவங்க முகம் சுளிக்கிறாங்கம்மா" என்று சொல்லி நிறுத்திவிட்டார்கள். தோல் நிறம் இழப்பதற்கும் குஷ்டத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இருந்தும் வெண்குஷ்டம் என்று பெயர் சூட்டி, மனுஷியை மூலையில் உட்கார வைக்கிறோம். படித்தவர்களும் இதில் சளைத்தவர்கள் இல்லை.

அன்று வந்த பெண், ஸ்டாண்டில் இருந்த எதையும் தொடவில்லை.

"நீங்க போட்டிருக்கீங்களே, அதுதான் வேணும்."

அவள் இழுப்பறையைத் திறந்து துழாவினாள். இல்லை. காலையில் அளவைப் பார்த்து எடுத்தாளே தவிர, அதில் இன்னொன்று இருக்கிறதா என்று பார்க்கவில்லை.

"இதே அளவுல வேற ஒண்ணு இருக்கு மேடம்."

"வேண்டாம். இதையே கொடுங்க."

சூப்பர்வைசர் அக்கா கிட்டே வந்தாள். "கழட்டிக் கொடேன். பிறக்கும்போதே மாட்டிக்கிட்டு வந்தியா என்ன?"

"வெளிச்சம் கூசுதுக்கா."

"ஒரு நிமிஷத்துல ஒண்ணும் ஆயிடாது." அக்காவின் கை அவள் காதருகே வந்துவிட்டது.

அவள் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். இந்த வேலையும் போனால் வேறு போக்கிடம் இல்லை.

"விடுங்க, நானே கழட்டறேன்."

கழற்றினாள். துணியால் துடைத்து நீட்டினாள். வாங்க வந்தவளின் கை பாதியிலேயே நின்றது.

"இது... தொத்துமா?"

"தொத்தாதுங்க. எங்க வீட்டுக்காரர் தினமும் என் துண்டுலதான் முகம் துடைக்கிறாரு, எவ்வளவு திட்டினாலும் கேக்கறதில்லை. அவருக்கு ஒரு புள்ளி வரலை."

அந்தப் பெண் சிரிக்கவில்லை. கைப்பையை இழுத்து மாட்டிக்கொண்டு வெளியேறினாள்.

அக்கா கண்ணாடிக் கதவைப் பார்த்தாள். வெளியே முதலாளியின் கார் வந்து நின்றது. சட்டென்று ஸ்டாண்டிலிருந்து ஒரு பெரிய கண்ணாடியை உருவினாள்.

"சீக்கிரம் மாட்டு. நான் எதையும் பாக்கலை."

"இன்னைக்கு மாட்டினா நாளைக்கும் மாட்டணுமேக்கா."

"வேலை வேணுமா, வேண்டாமா உனக்கு?"

"வேணும். அதான் இப்படியே நிக்கிறேன்."

கதவு திறந்தது. முதலாளி இரண்டடி வைத்து நின்றார். அவள் முகத்தைத் திருப்பவில்லை.

"வெண்புள்ளி சார். யாருக்கும் தொத்தாது. வேலையில குறை இருந்தா சொல்லுங்க."

அவர் அக்கா பக்கம் திரும்பினார். "நாளையிலேர்ந்து இந்தக் கவுண்டருக்கு..."

அக்கா கையிலிருந்த கண்ணாடியை மடக்கி ஸ்டாண்டில் வைத்தாள்.

"நாளைக்கும் இவதான் சார். இவளை அனுப்பிட்டா எனக்கும் சேர்த்து ஆள் தேடுங்க."

முதலாளி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தொடங்கியதை முடிக்காமல் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"அங்கே என்ன பார்வை?" என்றாள் அக்கா. "கஸ்டமர் வர்றாங்க, பாரு."