அண்ணியின் ஒரே நோயாளி

நாத்தனார் எழுதும் அண்ணி கதை என்றால் முதல் வரியிலேயே ஒரு குத்தல் இருக்கும் என்று நினைப்பீர்கள். குத்தல் உண்டு, ஆனால் அது என் அண்ணனுக்கு. அண்ணியை ‘அவர்’ என்றும் அண்ணனை ‘அவன்’ என்றும்தான் இதில் எழுதப்போகிறேன். படித்தால் முறைப்பான். முறைக்கட்டும்.

அண்ணி ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் வார்டு நர்ஸாக இருந்தவர். வார்டையே கட்டி மேய்க்கும் தலைமை நர்ஸாகவும் ஆகிவிட்டார். அந்த நல்ல வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே ஏஜென்சி தொடங்கப் போவதாக ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார். அண்ணனுக்குப் புரை ஏறிவிட்டது.

“நல்லா ஆறி வீட்டுக்குப் போன ஆளு, அதே புண்ணு சீழ் பிடிச்சு அதே கட்டிலுக்குத் திரும்பி வராங்க. வீட்ல கட்டு மாத்தத் தெரிஞ்ச ஆளில்ல. அவ்வளவுதான் காரணம். எத்தனை பேரைப் பாத்துட்டேன்!” என்றார் அண்ணி.

“துணைக்கு ஆள் அனுப்புற ஏஜென்சிதான் தெருவுக்குத் தெரு இருக்கே?” என்றேன்.

“அவங்க கூட இருந்து பாத்துக்குவாங்க. நான் சொல்றது சிகிச்சை. படிச்ச நர்ஸ் வீட்டுக்கே போய், டாக்டர் எழுதினபடி புண்ணு பாக்கணும், ஊசி போடணும், டியூப் மாத்தணும். அதுக்கு லைசென்ஸ் வேணும்.”

லைசென்ஸ் என்றதும் அண்ணனுக்குத் தெம்பு வந்துவிட்டது. அவன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். “அவ்வளவுதானே? எனக்கு வண்டியை முன்னால விட்டு, பின்னால எடுத்துக் காட்டச் சொன்னாங்க. காட்டினேன், கொடுத்துட்டாங்க” என்றான்.

அடுத்த வாரமே முன்னறையிலிருந்து அவனுடைய சோபா வெளியேறியது.

நோயாளிகளின் காகிதங்களுக்குப் பூட்டுப்போட்ட அலமாரி வேண்டும் என்றது சுகாதாரத் துறை. கையால் தொடாமல் முழங்கையால் திறக்கிற குழாய் வேண்டும், பயன்படுத்திய ஊசிக்குத் தனிப்பெட்டி வேண்டும், வேலை பார்க்கிற ஒவ்வொருவருக்கும் போலீஸ் சான்று வேண்டும். எந்த நேரம் அடித்தாலும் எடுக்கிற போன் வேண்டும். எந்த வேலையை எப்படிச் செய்வோம் என்று ஆதியோடு அந்தமாக எழுதிய விதிப்புத்தகமும் வேண்டும். அதை அண்ணி சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதி முடிப்பதற்குள், நாங்கள் தட்டை மடியில் வைத்துச் சாப்பிடப் பழகிவிட்டோம்.

அண்ணியின் வேலைப் பை தரையில் படக்கூடாது, கட்டிலில் படக்கூடாது, போகிற இடத்தில் சுத்தமான தாள் விரித்து அதன்மேல்தான் உட்காரும். வீட்டில் அதற்கென்றே ஒரு கொக்கி. “இந்த வீட்ல எனக்கு இல்லாத மரியாதை பைக்கு” என்று அண்ணன் மூக்கால் அழுதான். ஆனால் புதுக் குழாயை ஊருக்கே காட்டியது அவன்தான். வேனில் வரும் பிள்ளைகளின் அம்மாக்களிடம்கூட முழங்கையை ஆட்டி விளக்கியிருக்கிறான்.

நான் வேலை பார்த்த கூரியர் ஆபீஸை அப்போதுதான் மூடியிருந்தார்கள். வீட்டில் சும்மா உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்த என்னை அண்ணி போனுக்கு முன்னால் உட்காரவைத்தார். இங்கேயும் ஈதான். லைன் செத்துவிட்டதோ என்று என் செல்லிலிருந்து நானே அடித்துப் பார்ப்பேன். அழகாக மணி அடிக்கும்.

துறையிலிருந்து ஒரு அம்மா வந்து அறையைப் பார்த்தார். சிரிக்கவும் இல்லை, சிடுசிடுக்கவும் இல்லை. குழாயைத் திறந்து பார்த்தார், அலமாரியை இழுத்துப் பார்த்தார், விதிப்புத்தகத்தைப் புரட்டி நடுவில் நடுவில் கேள்வி கேட்டார். எல்லாம் சரி என்று சொல்லித் தற்காலிக அனுமதி கொடுத்தார். அதில்தான் கொக்கி இருந்தது.

“இதை வெச்சு நோயாளிங்களை எடுத்துக்கலாம். இந்த அனுமதியோட தவணை முடியறதுக்குள்ள ஒருநாள் சொல்லாம வருவேன். உங்க கூடவே நோயாளி வீட்டுக்கு வந்து, நீங்க வேலை செய்யறதைப் பாக்கணும். பாத்தாத்தான் முழு லைசென்ஸ். அப்ப உங்க கையில நோயாளியே இல்லன்னா, தவணையோட இது செல்லாது. மறுபடி முதல்லேருந்து வரணும்” என்றார்.

மறுபடி முதலிலிருந்து என்றால் எங்களால் முடியாது. வேலையை விட்டாயிற்று, சேமிப்பு கரைந்தாயிற்று. இதில் கோட்டை விட்டால் அண்ணி யாரிடமாவது போய் மறுபடி வார்டு வேலை கேட்டு நிற்க வேண்டும். அவர் அதை ஒருமுறைகூட வாயால் சொன்னதில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் சொல்லாமலே தெரியும்.

கிளினிக் கிளினிக்காக அண்ணி ஏறி இறங்கினார். மருந்துக் கம்பெனிக்காரர்களோடு வரிசையில் உட்கார்ந்து டாக்டர்களைப் பார்த்தார். எல்லாரும் நல்ல முயற்சி என்றார்கள். ஒருவரும் ஆள் அனுப்பவில்லை. கடைசியில் ஒரு சர்ஜன் ஒரே ஒரு நோயாளியைக் கொடுத்தார். வேறு யாரும் வேண்டாம் என்று விட்டுப் போன நோயாளி.

ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். இப்போது சர்க்கரை, இடது பாதத்தின் அடியில் ஆறாத புண். அதற்கு முன் வந்த இரண்டு நர்ஸ்களையும் கத்தியே விரட்டியிருந்தார். அண்ணி முதல்நாள் போனபோது கதவைத் திறக்கும் முன்பே உள்ளேயிருந்து குரல் வந்ததாம்.

“லேட்டு!”

“உங்க கடிகாரம் முந்திப் போகுதுங்க சார். புண்ணாவது பின்தங்காம இருக்கான்னு பாப்போம், காலை நீட்டுங்க.”

அந்த வீட்டில் அதுவரை யாரும் அவருக்குப் பதில் சொன்னதில்லை. டிரில் மாஸ்டர் பேசாமல் காலை நீட்டினார் என்று அவர் மனைவிதான் பிறகு எனக்குப் போனில் சொல்லிச் சிரித்தார்.

அண்ணி அந்தப் பாதத்தைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்தார். செத்த சதையை எடுத்துச் சுத்தம் செய்து, அளந்து, படம் எடுத்து, சர்ஜனுக்கு எழுதி, அவர் சொன்ன மருந்தை வைத்துக் கட்டினார். பாரம் புண்ணில் விழாதபடி செருப்பைத் தனியாகச் செய்யச் சொன்னார். தலையணைக்கு அடியில் டிரில் மாஸ்டர் பதுக்கியிருந்த மிட்டாய்ப் பொட்டலத்தைக் கண்டுபிடித்து, எல்லாரும் பார்க்கும்படி மேஜைமேல் வைத்துவிட்டு வந்தார். அதன்பிறகு சர்க்கரையும் இறங்கியது.

புண் சிறுத்துக்கொண்டே வந்தது. எங்களுக்குக் கவலை பெருத்துக்கொண்டே வந்தது.

ஆமாம், கவலைதான். அண்ணி திரும்பி வந்து கை கழுவும்போதே அண்ணன் கேட்பான்: “எப்படி இருக்கு?”

“நல்லாக் குறைஞ்சிருக்குங்க.”

அவன் முகம் தொங்கிவிடும். முன்பின் தெரியாத ஒரு மனிதருக்குக் கால் குணமாகிறதே என்று குடும்பமே கவலையில் உட்கார்ந்திருந்த வீடு உலகத்திலேயே எங்கள் வீடாகத்தான் இருக்கும். வேறு நோயாளி ஒருவரும் வரவில்லை. அதிகாரி அம்மாவையும் காணோம். அவர் வருவதற்குள் அந்தப் புண் ஆறிவிடக்கூடாதே என்றுதான் இருந்தது எனக்கு. கொஞ்சம் நிதானமாக ஆறினால் அதற்கு என்ன குடிமுழுகிப் போகும்?

இந்தச் சங்கதி டிரில் மாஸ்டர் காதுக்கும் போயிற்று. எப்படிப் போயிற்று என்று கேட்காதீர்கள், போனில் நான் நிறையப் பேசுவேன். அவர் அண்ணியிடம் ஒரு திட்டம் சொன்னார். புண் மூடினாலும் கட்டைப் பிரிக்க வேண்டாம். அண்ணி வழக்கம்போல வந்து போகட்டும். அதிகாரி வரும்போது அவர் நொண்டிக் காட்டுவார். இதற்காகக் கூடத்தில் ஒத்திகையே பார்த்திருக்கிறார்.

“எம்மா, எத்தனை பசங்களை நடக்க வெச்சிருக்கேன்? எனக்கு நொண்டத் தெரியாதா?” என்று எழுந்து நடந்து காட்டினார்.

“அது வலது காலுங்க. புண்ணு இடது கால்ல” என்றார் அவர் மனைவி.

அண்ணி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாராம். துடைத்துக்கொண்டு பாதத்தைப் பார்த்தார். தோல் முழுதாக மூடியிருந்தது. அழுத்திப் பார்த்தார், கசிவு இல்லை. போன தடவையும் அப்படித்தான் இருந்தது.

“சார், உங்களுக்கு இனி நான் வேண்டாம். இன்னையோட முடிச்சுக்கறேன். தினமும் பாதத்தைக் கண்ணாடி வெச்சுப் பாருங்க. ஒரு சின்னச் சிவப்பு தெரிஞ்சாலும் கூப்பிடுங்க” என்றார். சர்ஜனுக்கு அங்கேயே உட்கார்ந்து எழுதினார்: புண் ஆறிவிட்டது, எங்கள் சிகிச்சை இனித் தேவையில்லை.

வீட்டில் அன்று பெரிய சண்டை. அண்ணன் குதித்தான்.

“அவரே வெச்சுக்கச் சொல்றாரு, உனக்கென்ன? கொஞ்ச நாள்தானே? யாருக்கு நஷ்டம்?”

“ஆமா அண்ணி, சும்மா போய் உக்காந்துட்டு வாங்களேன்” என்றேன் நானும்.

அண்ணி கத்தவில்லை. துணி மடித்துக்கொண்டிருந்தவர் அதைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “ஆறின புண்ணை ஆறலன்னு எழுதணும்கிறீங்க. இன்னைக்கு அப்படி எழுதிட்டா, நாளைக்கு நிஜமாவே ஆறாத புண்ணைப் பத்தி நான் எழுதறதை எவன் நம்புவான்? வார்டுக்கே திரும்பிப் போறேன், பரவாயில்ல. அங்கயாவது உள்ளதை எழுதிட்டு வருவேன்.”

அண்ணன் வேனைக் கழுவப் போனான். ஏற்கெனவே கழுவிய வேன்.

இரண்டு நாள் கழித்து அதிகாரி அம்மா வந்து நின்றார். இரண்டே நாள்! எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“நோயாளி வீட்டுக்குப் போலாமா?”

“இப்ப யாரும் இல்லைங்க மேடம்.”

“ஒருத்தர் இருந்தாரே?”

“குணமாயிட்டாருங்க. முந்தாநாள் முடிச்சுட்டேன்.”

அதிகாரி அண்ணியை நிமிர்ந்து பார்த்தார். “முந்தாநாளா? ரெண்டு நாள் பொறுத்திருக்கக் கூடாதா?”

“நான் பொறுத்திருப்பேன் மேடம். புண்ணு பொறுக்கல.”

அவர் சிரித்த மாதிரிதான் இருந்தது, நிச்சயமாகச் சொல்ல முடியாது. நோயாளி இல்லை என்று எழுதிக்கொண்டார். தவணை முடிய இன்னும் சில நாள் இருக்கிறது, அதற்குள் யாராவது வந்தால் கூப்பிடுங்கள், வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அண்ணி அந்த அறையைத் துடைக்க ஆரம்பித்தார். நான் போனையே வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்த வாரத்திலேயே அது அடித்தது. சர்ஜன்தான். டிரில் மாஸ்டர் அவர் கிளினிக்குக்கு நடந்தே போயிருக்கிறார். கட்டு இல்லாமல், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. உள்ளே நுழைந்ததும் விறைப்பாக நின்று சலாம் வேறு வைத்திருக்கிறார்.

“உங்க மேடம்தான் இந்த லெட்டர் எழுதினாங்களா? தானா நிறுத்திக்கறேன்னு?” என்று கேட்டார் சர்ஜன்.

“ஆமா சார்” என்றேன்.

“எனக்கு வர்ற லெட்டர் எல்லாம் இன்னும் ஒரு மாசம் நீட்டிக் கொடுங்கன்னுதான் வரும். போதும்னு எழுதின லெட்டரை இப்பத்தான் பாக்குறேன். ரெண்டு பேரை அனுப்பறேன். வயித்துல ஆபரேஷன் ஆன லாரி டிரைவர் ஒருத்தர், டியூபோட இருக்குற ஒரு டீச்சர். பாத்துக்குவாங்களா?”

“பாத்துக்குவாங்க சார்! இப்பவே பாத்துக்குவாங்க!” என்று கத்திவிட்டேன். அண்ணி துடைப்பத்தோடு ஓடி வந்தார்.

லைசென்ஸ் அடுத்த மாதமே வந்தது. இன்று அண்ணியிடம் பல நர்ஸ்கள் வேலை பார்க்கிறார்கள். முன்னறை போதாமல் பக்கத்து வீட்டு மாடியையும் எடுத்திருக்கிறோம். சர்ஜனுக்குத் தெரிந்த டாக்டர்கள் எல்லாரும் எங்களுக்கும் தெரிந்தவர்களாகிவிட்டார்கள். அதெல்லாம் கதவில் மாட்டிய பலகையைப் பார்த்தாலே தெரியும். எனக்குச் சொல்ல வேண்டியது அதிகாரி அம்மா இரண்டாம் முறை வந்த நாளைப் பற்றி.

லாரி டிரைவர் வீட்டுக்கு அண்ணியோடு போய், கை கழுவுவதிலிருந்து கடைசிக் கட்டு வரை பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினார் அவர். அண்ணியை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். அறையில் நானும் அவரும்தான்.

“ஊழியர்கிட்ட தனியா கேக்கணும்னு விதி. உங்க நிர்வாகியைப் பத்தி ஏதாவது குறை இருந்தா சொல்லுங்க. பயப்படாதீங்க.”

“மேடம், நான் அவங்க நாத்தனார்.”

“தெரியும். அதனாலதான் உங்களைக் கேக்குறேன்.”

யோசித்தேன். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருக்கிறோம், குறைக்கா பஞ்சம்? ஆனால் அன்று தேடினால் ஒன்றுதான் கிடைத்தது. சொல்லலாமா, சொன்னால் காரியம் கெட்டுப்போகுமா என்று ஒரு நிமிஷம் தயங்கினேன். எங்கள் வீட்டில் உள்ளதைத்தானே எழுதுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

“ஒரு குறை இருக்கு மேடம். யாரு சொன்னாலும் கேக்க மாட்டாங்க.”

“என்ன சொன்னீங்க, கேக்கல?”

“கால் ஆறின நோயாளியை நீங்க வர்ற வரைக்கும் ஆறலன்னு சொல்லி வெச்சுக்கலாம்னு சொன்னோம். எங்க அண்ணன் சொன்னான், நான் சொன்னேன், அந்த நோயாளியே சொன்னாரு. ஒருத்தர் பேச்சையும் கேக்கல.”

அவருடைய பேனா நின்றது. என்னை நிதானமாகப் பார்த்தார்.

“இதை அப்படியே எழுதட்டுமா?”

“எழுதுங்க மேடம்” என்றேன். அதற்குள் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. “நல்லாக் கொட்டை எழுத்துல எழுதுங்க.”