ஆளில்லாத பின்சீட்டு

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். என் கையெழுத்து சில நேரம் எனக்கே விளங்காது, பிழைகளும் இருக்கும், பொறுத்துக்கொண்டு வாசியுங்கள்.

மோட்டார் சைக்கிள் என்றதும் தொடையில் சுடும் பெட்ரோல் டேங்க்தான் ஞாபகத்துக்கு வருகிறது. சின்ன வயதில் அதுதான் என் இருக்கை. அப்பாவின் இரண்டு கைகளுக்கும் நடுவில், அவருடைய தாடை உச்சந்தலையில் இடிக்க, குனிந்தே இருக்க வேண்டும். "நீ திரும்புனா பைக்கும் திரும்பும்டா" என்று பயமுறுத்தி வைத்திருந்தார்.

யாரோ வேண்டாமென்று தள்ளிவிட்ட வண்டி அது. நிறுத்தினால் இன்ஜினும் நின்றுவிடும், பிறகு உதைத்து உதைத்துக் கால் வீங்க வேண்டியதுதான். மஹய்யாவவில் எங்கள் வீடு பள்ளத்தில் இருந்ததால், மெயின் ரோட்டுக்கு ஏறும் மண்பாதையில் அம்மா பின்னாலிருந்து "தள்ளு" கொடுப்பார். மேலே வந்ததும், உருளுகிற வண்டியில் ஒரு கையால் சேலையைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் தாவி ஏற வேண்டும். பின்னால் "தொம்" என்று ஒரு ஆட்டம் வந்தால் அம்மா ஏறிவிட்டார் என்று அர்த்தம், அப்பா முறுக்கிவிடுவார். இதற்குப் பெயர் குடும்பப் பயணமாம்.

அந்த நாளில் பேராதனையில் மாணவிகள் தங்கும் ஒரு விடுதியில் சமையல் வேலைக்கு அம்மாவைக் கூப்பிட்டிருந்தார்கள். காலை எட்டு மணிக்குள் வராவிட்டால் வேறொருத்திக்குக் கொடுத்துவிடுவோம் என்று சொல்லியிருந்தார்கள். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. "ஊரான் புள்ளைகளுக்கு ஆக்கிப் போட்டாத்தான் நம்ம அடுப்பு எரியுமா?" என்று முதல் நாள் சாயங்காலம் கத்தினார். அம்மா அதற்குப் பிறகு அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. கோபம் வந்தால் அம்மாவின் வழக்கம் அது.

விடிந்தபோது பாதை முழுக்கச் சேறு. அம்மா புதுச் செருப்பைப் பையில் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு தள்ளினார். மேலே வந்ததும், கை இரண்டும் வேண்டுமே என்று, முதலில் பையைப் பின்சீட்டில் போட்டு அதன் வாரைக் கம்பியில் மாட்டினார். "தொம்" என்றது. அப்பா முறுக்கிவிட்டார்.

டவுனில் பஸ்கள் காது கிழிய ஹாரன் அடித்தன. ஒரு லொறிக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் அப்பா வண்டியை நுழைத்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"என்ன புள்ள, இன்னும் கோவமா?" என்றார் அப்பா, பின்பக்கமாக.

பதில் இல்லை.

"வாயத் தொறந்தா முத்தா உதுந்துரும்?"

கொஞ்ச தூரம் போனபின் குரல் இறங்கியது. "சரி புள்ள, நேத்து நான் பேசுனது தப்புத்தான். நீ வேலைக்குப் போ. நீ சம்பாரிச்சா எனக்கு என்ன கொறைஞ்சு போகப்போகுது? என்னையவிட நீதான் கெட்டிக்காரி."

அப்பா வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

விடுதி வாசலில் "எறங்கு" என்றார். பின்னால் பை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

வந்த வழியே, ரோட்டோரச் சாக்கடைக் கான் ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்துக்கொண்டு திரும்பினோம். ரோட்டோரத்து இளநீர்க்காரரிடம், ஒரு பொம்பளை விழுந்ததைப் பார்த்தீர்களா என்று அப்பா சிங்களத்தில் கேட்டார். "பொண்டாட்டி விழுந்தது தெரியாமலா வந்தீங்க?" என்று அவர் சிரித்தார். அப்போது எதிரே வந்த பஸ்ஸின் ஜன்னலிலிருந்து "என்னங்க, இந்தப் பக்கம்!" என்று அம்மா கத்தினாராம். எங்களுக்குக் கேட்கவில்லை. வீடுவரை போய், பக்கத்து வீட்டில் விசாரித்து, மறுபடியும் பேராதனைக்கு ஓடினோம்.

அம்மா விடுதியின் பின்படியில் உட்கார்ந்து போஞ்சி நறுக்கிக்கொண்டிருந்தார். பொறுப்பாக இருந்த அம்மாள் அப்பாவிடம், "செருப்ப வெளியிலயே கழட்டிட்டு வெறுங்காலோட அடுப்படிக்கு வந்தாங்க பாருங்க, அப்பவே எனக்குப் பிடிச்சிருச்சு" என்றார். அப்பா பையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

வழியில் அப்பா சொன்னதையெல்லாம் சாயங்காலம் அம்மாவிடம் ஒப்பித்தேன். "அப்படியா? அத எங்கிட்ட சொல்லச் சொல்லு" என்றார்.

"ஒருக்கா சொன்னா சொன்னதுதான்" என்றார் அப்பா.

"செருப்புகிட்டதானே சொன்னீங்க!"

மறுநாளிலிருந்து அம்மா பஸ்ஸில்தான் போனார். எங்கள் கூரைத் தகரமும், பிறகு பிறந்த தங்கையின் படிப்பும் அந்த வேலையில் வந்தவை.

இன்று அந்த வண்டி இல்லை, மண்பாதை கொங்கிறீட் ஆகிவிட்டது, பிள்ளைகளை டேங்கில் ஏற்றினால் பொலிஸ் பிடிக்கும். நான் தினமும் கட்டுகஸ்தோட்டைக்கு பைக்கில் போய்வருகிறேன். நெருக்கும் பஸ்ஸும், சொல்லாமல் திரும்பும் ஆட்டோவும், குறுக்கே படுக்கும் நாயும் என் உயிரை வாங்குகின்றன. அப்பா போய்ச்சேர்ந்து சில வருடங்கள் ஆகின்றன. அந்தப் பேச்சை அவர் கடைசிவரை திருப்பிச் சொல்லவில்லை.

இன்று மத்தியானம் அம்மாவிடம், "எனக்கு ஒரு வார்த்தை விடாம ஞாபகம் இருக்கு, சொல்லவாம்மா?" என்று கேட்டேன்.

"நீ சொல்லி என்னத்துக்கு? அந்த மனுசன் சொல்லணும்" என்று எழுந்து போய்விட்டார்.

அதனால்தான் அப்பா சொன்னதை இந்த நோட்டில் எழுதி வைக்கிறேன். இன்று மாசி மாதம், முதல் புதன்கிழமை.