குமுளிச் சாவடியில் நான் சொன்ன தேதி

1944ஆம் ஆண்டு, வைகாசி முதல் வாரம், குமுளி எல்லைச் சாவடி. தேதியைச் சொல்லாமல் விடுகிறேனே என்று என்னை அறிந்தவர்கள் ஆச்சரியப்படலாம். பஸ் புறப்பட்ட நேரம், நின்ற இடம், மழை பிடித்த நிமிஷம் வரை டைரியில் எழுதி வைக்கிற ஆள் நான். ஆனால் அந்த ஒரு நாளுக்கு மட்டும் என் டைரியில் தேதி கிடையாது. அது ஏன் என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

அப்போது நான் மதுரைக் கோர்ட்டில் நகல் எழுதும் குமாஸ்தா. வீடு கோச்சடையில். கோர்ட்டுக்குக் கோடை விடுமுறை விட்டதும் பத்து நாள் பீர்மேட்டுக்குப் போயிருந்தேன். தங்கையின் கணவர் அங்கே ஒரு தேயிலைத் தோட்ட ஆபீஸில் வேலை பார்த்தார். இன்று எல்லாம் ஒரே நாடு. அன்று குமுளியைத் தாண்டினால் திருவிதாங்கூர் மகாராஜாவின் ராஜ்யம். காசு வேறு, தபால் தலை வேறு, வருஷமே வேறு. அவர்கள் கொல்லம் ஆண்டு என்று ஒன்றை வைத்திருந்தார்கள்.

திரும்பி வரும்போது மதுரை பஸ்ஸில் கடைசி பெஞ்சில் இடம் பிடித்தேன். சண்டைக் காலம், பெட்ரோல் கிடையாது. பஸ்ஸின் பின்பக்கம் ஓர் ஆள் உயரக் கரி அடுப்பைக் கட்டி, அதிலிருந்து வரும் வாயுவில் ஓட்டுவார்கள். அடுப்பின் சூடு கடைசி பெஞ்சுக்காரன் முதுகைப் பதம் பார்க்கும். அதனால் அங்கே டிக்கெட் மலிவு. தங்கை கட்டிக் கொடுத்த புளியோதரை மடியில் இருந்தது. வழியில் காப்பிக்குக்கூட இறங்குவதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

என் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். சொந்த ஊர் மதுரைக்குக் கிழக்கே ஒத்தக்கடைப் பக்கம். பஸ் கிளம்புமுன்பே கண்டக்டரிடம் நாலு முறை கேட்டுவிட்டார்.

"அண்ணே, மூணு மணிக்கு மதுரைக்குப் போயிருமாண்ணே?"

"கரி பஸ்ஸு ஆத்தா இது. போனா மூணு, நின்னா அஞ்சு."

"நாலு மணிக்குள்ள ரிஜிஸ்தர் ஆபீசுல நிக்கணும்ணே. இன்னைக்கு விட்டா நிலம் கை மாறிப் போயிரும்."

விஷயம் இதுதான். அவருடைய அப்பாவும் அண்ணனும் காலமெல்லாம் கூலிக்கு உழுத காடு ஒன்று விலைக்கு வந்திருந்தது. தோட்டத்தில் பல வருஷம் மிச்சம் பிடித்ததை இந்த அம்மாள் மடியில் முடிந்து எடுத்துக்கொண்டு போகிறார். விற்கிறவர் இன்று நாலு மணி வரை ஆபீஸில் காத்திருப்பார். அதற்குள் வராவிட்டால், அதே காட்டுக்குக் காத்திருக்கும் பெரிய குடும்பத்துக்குக் கொடுத்துவிடுவார். அந்தக் குடும்பத்தில் யாரும் ஒரு நாள்கூட அந்தக் காட்டில் குனிந்ததில்லை.

சாவடியில் பஸ் நின்றது. அந்த வருஷம் காலரா பயம். எல்லையைத் தாண்டுகிறவர்கள் ஊசி போட்ட சீட்டைக் காட்ட வேண்டும். ஊசி ஆறு மாதத்துக்குள் போட்டதாக இருக்க வேண்டும். சீட்டு இல்லாதவர்களுக்கு வழக்கமாக அங்கேயே போட்டு அனுப்புவார்கள். அன்று மருந்து தீர்ந்திருந்தது. டாக்டர் கம்பத்திலிருந்து மத்தியானத்துக்கு மேல்தான் வருவாராம்.

சோதனை செய்த சிப்பந்தி வேலைக்குப் புதிது. முன் பெஞ்சுகளில் இருந்த ஏலக்காய் வியாபாரிகள் எல்லோரும் நம் பக்கத்து ஆஸ்பத்திரிச் சீட்டு வைத்திருந்தார்கள். இங்கிலீஷில் இருந்ததால் பார்த்துப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். என் கோட்டையும் மூக்குக் கண்ணாடியையும் பார்த்தவர், "நீங்க இருங்க சாமி" என்று, மடித்து நீட்டிய சீட்டைப் பிரிக்காமலே என்னிடம் தந்துவிட்டார். பிறகு அந்த அம்மாளின் சீட்டைப் பிரித்தார். மலையாள எழுத்து. அவருக்கு எண்கள் மட்டும் புரிந்தன.

"ஆயிரத்து நூத்திப் பத்தொம்பதா? இது என்ன வருசம்?" என்று தலையைச் சொறிந்தார்.

யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகவே கை நீட்டி அந்தச் சீட்டை வாங்கினேன். மலையாளம் எழுத்துக் கூட்டிப் படிக்க எனக்குத் தெரியும். கொல்லம் ஆண்டு 1119, மீன மாதம், பன்னிரண்டாம் தேதி. மீனம் என்றால் நம் பங்குனி. கொல்லம் ஆண்டோடு 824 கூட்டினால் இங்கிலீஷ் வருஷம் கிடைக்கும் என்பதை ஏதோ ஒரு சரித்திரப் புத்தகத்தில் படித்து மனப்பாடம் செய்திருந்தேன். கூட்டினேன். 1943.

"போன வருஷப் பங்குனி. பதினாலு மாசம் ஆகிவிட்டது" என்றேன். பஸ் முழுவதும் கேட்கும்படிதான் சொன்னேன்.

அந்த அம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்தார். "இல்ல சாமி, இந்த வருசந்தான். ஊசி குத்துன பெறகு எட்டுச் சந்தை பாத்துட்டேன். ஒம்பதாவது சந்தை வர்ற ஞாயித்துக்கெழமை."

"எழுத்தில் இருப்பதைத்தானே அம்மா சொல்ல முடியும்" என்றேன்.

சிப்பந்தி அவரை இறக்கிவிட்டார். அவர் அழவில்லை. மூட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "எட்டுச் சந்தை, அய்யா. எண்ணி வச்சிருக்கேன்" என்று சிப்பந்தியிடம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். பஸ் கிளம்பிவிட்டது.

மலை இறங்கத் தொடங்கியதும் டைரியை எடுத்தேன். 'மணி 7.25. ஊசிக் காலம் கடந்த பெண் ஒருத்தி இறக்கப்பட்டாள்' என்று எழுதினேன். என் ஊசிச் சீட்டை அந்தப் பக்கத்தில் வைக்கப் போனவன், ஒரு கடிதத்தைப் பிரிப்பதுபோல அதைச் சும்மா பிரித்தேன்.

கொல்லம் ஆண்டு 1119. மேட மாதம், அதாவது நம் சித்திரை.

ஒரு வாரத்துக்கு முன்னால், மைத்துனரின் வற்புறுத்தலால் அங்கே அரசாங்க ஆஸ்பத்திரியில் போட்டுக்கொண்ட ஊசி. கை இன்னும் வலித்துக்கொண்டிருந்தது. அதே 1119. நான் சொன்ன கணக்குப்படி என் ஊசியும் போன வருஷத்து ஊசி.

கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறக்கிறது. ஆவணியிலிருந்து டிசம்பர் வரைதான் 824 கூட்ட வேண்டும். ஜனவரி பிறந்துவிட்டால் 825. புத்தகத்தில் இரண்டாவது வரியும் இருந்திருக்கும். நான் முதல் வரியை மட்டும் மனப்பாடம் செய்திருக்கிறேன். பத்து நாள் அந்த ராஜ்யத்தில் இருந்தும் ஒரு சுவர்க் காலண்டரை ஏறிட்டுப் பார்க்கவில்லை. மைத்துனர் ஆபீஸில் எல்லாம் இங்கிலீஷ் தேதிதான்.

எழுந்து நின்று, "வண்டியை நிறுத்துங்கள்" என்று கத்தினேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. தப்பு என்னுடையது என்பதை மட்டும் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன்.

முன் பெஞ்சு ஏலக்காய் வியாபாரி சிரித்தார். "ஏஞ்சாமி, இம்புட்டுப் படிச்சுப்புட்டுமா?"

டிரைவர் ஐம்பது வயதுக்காரர். இறங்கி வந்து சாலையின் அகலத்தைப் பார்த்தார், அடுப்பைத் தட்டிப் பார்த்தார். "இந்த ஏத்தத்துல திருப்பி ஏத்துனா மதுரைக்குக் கரி பத்தாது அய்யா. நீங்க நடந்து போயி அந்த ஆத்தாளைக் கூட்டியாங்க. அடிவாரத்துல வண்டி நிக்கும்."

கண்டக்டர் பதறினார். "எதுக்குண்ணே நிக்கும்? மொதலாளி கேப்பாருண்ணே."

"அடுப்பு அடைச்சுக்கிருச்சுன்னு சொல்லு."

"எங்கண்ணே அடைச்சுச்சு? நல்லாத்தான எரியுது?"

"அடிவாரம் போனதும் அடைச்சுக்கிரும்டா" என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தார்.

ஒன்றரை மைல் ஏற்றம். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக ஏறினேன். சாவடிக்குப் போய்ச் சேரும்போது பேச மூச்சில்லை. அந்த அம்மாளின் சீட்டை வாங்கி, அதையும் என் சீட்டையும் சிப்பந்தியின் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்தேன். அவர் இதையும் பார்த்தார், அதையும் பார்த்தார்.

"ரெண்டுலயும் ஒரே வருசமா இருக்கே. அப்ப உங்களையும்ல எறக்கியிருக்கணும்?"

"ஆமாம். நீங்கள் என் சீட்டைப் பிரிக்கவே இல்லை."

அவர் முகம் சுருங்கிவிட்டது. அந்த அம்மாளின் சீட்டில் முத்திரையைக் குத்திக் கொடுத்தார்.

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அந்த அம்மாள் மூட்டையைத் தலையில் ஏற்றிவிட்டார். "நடங்க சாமி. பேசிக்கிட்டு நின்னா பஸ்ஸு நிக்குமா? ரோடு வேணாம், குறுக்க எறங்கலாம்."

குறுக்குப் பாதை என்பது வெறும் கல்லும் வேரும். அவர் தலைச் சுமையோடு படி இறங்குவதுபோல இறங்கினார். நான் இரண்டு முறை சறுக்கி விழுந்தேன். இரண்டாம் முறை கை கொடுத்துத் தூக்கிவிட்டார். அப்போதுதான் கேட்டார்.

"சாமி, எட்டுச் சந்தைன்னு நான் சொன்னேன்ல. காதுல விழுகலயா?"

"விழுந்தது அம்மா."

"பின்ன?"

கோர்ட்டில் எத்தனையோ குறுக்கு விசாரணைகளைப் பிரதி எடுத்திருக்கிறேன். அந்த ஒரு சொல்லைப்போல ஒரு கேள்வியை அங்கே நான் கேட்டதில்லை. அவர், "பாத்து வாங்க, அந்தக் கல்லு ஆடும்" என்று சொல்லிவிட்டு முன்னால் போய்விட்டார்.

அடிவாரத்தில் பஸ் நின்றிருந்தது. டிரைவர் அடுப்பு மூடியைத் திறந்துவைத்து, ஒரு கம்பியை உள்ளே விட்டு எடுத்துக்கொண்டிருந்தார். முகமெல்லாம் கரி. எங்களைக் கண்டதும் மூடியைப் படாரென்று சாத்தினார். "அடைப்பு எடுத்தாச்சு. ஏறுங்க, ஏறுங்க!"

ஏலக்காய் வியாபாரி என்னிடம் சொன்னார்: "ஒண்ணரை மணி நேரமா அதே கம்பிதான் சாமி. நாங்களும் அடைப்ப நம்பிக்கிட்டேதான் உக்காந்திருந்தோம்." பிறகு தம் பக்கத்திலிருந்த மூட்டையைக் கீழே இறக்கிவைத்து, "இப்பிடி முன்னால வா ஆத்தா, அங்க அடுப்புச் சூடு" என்று அந்த அம்மாளுக்கு இடம் விட்டார். இருபது பேர் இருந்த பஸ்ஸில் நேரமாகிவிட்டது என்று ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. உசிலம்பட்டியில் சாப்பாட்டுக்கு நிறுத்துவது வழக்கம். அன்று கண்டக்டர் நிறுத்தட்டுமா என்று கேட்டபோது, "வேணாம், போ" என்று பல குரல்கள் ஒன்றாக வந்தன. என் புளியோதரையை நாலு பேர் பங்கிட்டுக்கொண்டோம்.

மதுரைக்கு வந்தபோது மணி மூன்று இருபத்தைந்து. நானும் அவரோடு ரிஜிஸ்தர் ஆபீஸுக்கு ஓடினேன். நாலு மணி ஆகப் போகிறது; விற்கிறவர் கிளம்புவதற்காக வாசலில் குடையை விரித்துக்கொண்டிருந்தார். அம்மாளின் அண்ணன் அவர் காலைப் பிடிக்காத குறையாக நிறுத்திவைத்திருந்தார். பத்திரம் எழுதித் தயாராக இருந்தது. இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் காத்திருந்து போய்விட்டாராம். ஆபீஸ் குமாஸ்தா அடுத்த சாட்சி எங்கே என்று அதட்டினார்.

அம்மாள் என்னைக் காட்டினார். "இந்த அய்யா போடுவாரு. ஆனா தேதிய மட்டும் வேற யாராச்சும் எழுதுங்க."

அவர் சிரிக்கவில்லை. கண்ணில் மட்டும் சிரிப்பு இருந்தது. நான் கையெழுத்துப் போட்டேன். தேதியைக் குமாஸ்தா எழுதினார். அம்மாள் கட்டைவிரலை மையில் ஒற்றி, தாளில் அழுத்தி, எடுக்க மனமில்லாமல் சிறிது நேரம் அப்படியே வைத்திருந்தார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து டைரியைத் திறந்தேன். காலையில் எழுதிய வரியை அடித்தேன். பக்கத்தின் தலையில் இருந்த தேதியையும் அடித்துவிட்டு, 'ஊசி போட்ட பின் எட்டாவது சந்தை கழிந்த வாரம்' என்று எழுதினேன். தேதி வேண்டுமென்றால் ஒத்தக்கடையில் அந்தப் பத்திரத்தில் இருக்கிறது. ஆனால் இன்றும் யாராவது தம் வாழ்க்கையில் நடந்ததைத் தம் கணக்கில் சொல்லும்போது, நான் புத்தகத்தைத் திறப்பதற்கு முன்னால் அந்த மலைப்பாதையில் கேட்ட "பின்ன?" என்ற குரல் காதில் விழுகிறது; முதலில் அவர்கள் சொல்வதை எழுதிக்கொள்கிறேன்.