பதினோரு படத்துக் குடிகாரன்

குணச்சித்திர நடிகனுக்குப் போஸ்டரில் இடம் கிடைக்காது. தெருவில் வசவு மட்டும் தாராளமாகக் கிடைக்கும். துண்டு வேஷம் கட்டிப் பிழைக்கும் என் இனத்தாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

முதல் தள்ளாட்டம்

கோலார் தங்கவயலில் சுரங்கம் ஓடிய கடைசிக் காலம். ஸ்கெலட்டன் என்று நாங்கள் சொல்லும் ஊர்ப் பொது மேடையில் நடந்த நாடகத்தில் எனக்குக் குடிகாரன் வேஷம். நானோ ஒரு சொட்டு சாராயம் தொட்டதில்லை. கைதட்டல் வாங்கிக்கொண்டு இறங்கினால், தொழிலாளர் குடியிருப்பில் எங்கள் பக்கத்து லைன் வீட்டுக்காரர் வழிமறித்தார். சுரங்கத்தில் முப்பது வருஷ சர்வீஸ், குடியில் அதற்கும் மேலே.

"இன்னாப்பா, தலய நிமித்திகினு தள்ளாடுற? சொரங்கத்துக்குள்ள லெவல்ல குனிஞ்சி வேல செஞ்சவன் குடிச்சாலும் குனிஞ்சிதான் நடப்பான்."

சினிமாவுக்குப் போனேன்

அவரிடம் கற்றுக்கொண்ட அந்தக் குனிந்த நடைதான் என்னைக் கெடுத்தது. தங்கம் பிரித்த கழிவு மண் மலையாகக் குவிந்த சயனைடு மேட்டில் படம் பிடிக்க வந்த டைரக்டருக்கு அது பிடித்துப்போயிற்று. அப்புறம் பதினோரு படம், பதினோரு குடிகாரன். காலை ரயிலில் பெங்களூர் போய், வேட்டி அவிழ விழுந்து புரண்டுவிட்டு, சாயங்கால ரயிலில் திரும்பினால் பக்கத்து சீட்டில் யாரும் உட்கார மாட்டார்கள். எரிச்சல் தாங்காமல், ஒரு வாத்தியார் வேஷமாவது கொடுங்கள் என்று உதவி டைரக்டரிடம் கெஞ்சினேன். செல்போனிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னான்.

"சார், நீங்க தெளிஞ்சா யாருக்கும் அடையாளம் தெரியாது."

பெண் பார்க்க வந்தார்

என் மகள் வனிதாவும் அதே ரயிலில் வேலைக்குப் போகிறவள். கூட வருகிற, பக்கத்து ஊரான பேத்தமங்களாப் பையனைப் பிடித்திருக்கிறது என்றாள். பையனின் அப்பா வந்தார். நான் காபியை நீட்டக் கிட்டே போனபோதெல்லாம் மூக்கை உறிஞ்சி வாடை பார்த்தார். குடிப்பழக்கமே கிடையாது என்று சத்தியம் செய்தேன்.

"நீங்க குடிக்க மாட்டீங்கன்னு நம்புறேங்க. ஆனா எங்க ஊரே படத்த பாத்துட்டுச்சே."

மண்டப வாசல்

வனிதா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நான் கட்டிய வேஷம் என் பெண்ணின் தலையில் விடிந்ததே என்று உண்மையிலேயே அழுதேன். நல்ல வேளை, பையன் பிடிவாதக்காரன். அவன் அப்பா கடைசியில் இறங்கிவந்தார், ஒரு நிபந்தனையோடு. கல்யாணம் முடியும்வரை நான் குடிகாரனாக நடிக்கக் கூடாது. வந்த ஒரு படத்தையும் வேண்டாம் என்றேன்.

கல்யாணத்தன்று பட்டு வேட்டி கட்டி, முதுகை நிமிர்த்திக்கொண்டு மண்டப வாசலில் நின்றேன். சம்பந்தி பெரிய கூட்டத்தோடு வந்தார். எல்லாரும் என்னையே பார்த்துச் சிரித்தார்கள். அவர் என் காதருகே வந்தார்.

"சம்பந்தி, எங்க ஊர் ஜனங்க உங்களப் பாக்கத்தான் வந்திருக்காங்க. ஒரே ஒருவாட்டி தள்ளாடிக் காட்டுங்க."

இத்தனை வருஷத்தில் நேராக நிற்பதற்கு எனக்குக் கிடைத்த ஒரே வேஷம் பெண்ணைப் பெற்றவன். அதிலும் தள்ளாட வைத்துவிட்டார்கள்.