என் முழங்காலில் பிடிபட்ட ஈ

என் அக்கா ஆவுனேயின் புருஷன் என்சியோ கார்ப்பினென் முப்பத்தோரு வருஷம் பனி தள்ளும் லாரி ஓட்டியவர். ஆறடி மூன்றங்குலம். விரல் ஒவ்வொன்றும் கேரட் கனம். ஓய்வு பெற்றதும் மற்றவர்கள் மீன் பிடிக்கப் போனார்கள். இவர் ஈ பிடிக்கப் போனார். அதுவும் கண்ணுக்குத் தெரிகிற ஈயா? இரண்டு மில்லிமீட்டர்.

"பெரிய ஈயெல்லாம் பெரிய மனுஷங்க பாத்து முடிச்சிட்டாங்க மாப்ளே" என்பார். அதற்கு மேல் கேட்டால் காபி போட எழுந்து போய்விடுவார்.

சோட்கமோ பக்கம் ஒரே ஏரிக்கு அவர் இந்தக் கரை, நான் அந்தக் கரை. மரம் ஏற்றும் லாரியை நான் ஓட்டாத சனிக்கிழமையெல்லாம் படகை வலித்துக்கொண்டு அவர் வீட்டு சவுனா ஆவிக்குளியலுக்குப் போவேன். உள்ளே ஆவியில் வெந்து, வெளிப் படிக்கட்டில் அம்மணமாக உட்கார்ந்து ஆறி, மறுபடி உள்ளே போவோம். அந்தப் படிக்கட்டில்தான் மச்சான் அந்த ஈயைக் கண்டார். கறுப்பு உடம்பு, மஞ்சள் கால், முன்தொடை மட்டும் பயில்வான் தொடை. நம்மைக் கடிக்க வரும் பொடிக்கொசுவை ஓடிப் பிடித்து, நின்ற இடத்திலேயே உறிஞ்சிவிட்டுச் சக்கையைத் துப்பிவிடும். எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஈ என்றார். சொன்னபோது குரல் கொஞ்சம் நடுங்கியது. அவர் கல்யாணத்தன்றுகூட நடுங்காத குரல் அது.

ஆனால் சிக்கிய நான்கும் பெண். இந்த வகையில் பெண்களெல்லாம் பக்கத்து இனத்துப் பெண்களோடு ஒரே அச்சு. ஆணின் வால்நுனியை உருப்பெருக்கியில் வைத்து வரைந்து காட்டினால்தான் இது தனி இனம் என்று உலகம் ஒப்புக்கொள்ளும்.

"ஈயா இருந்தாலும் ஆம்பளை வந்து சொன்னாத்தான் நம்புவாங்களாக்கும்" என்றாள் அக்கா.

இதற்கிடையில் பக்கத்து நாடான ஸ்வீடனிலிருந்து ஒரு பல் டாக்டர் கடிதம் எழுதினார். தன்னிடமும் அதே ஈ இருக்கிறதாம், அதுவும் பெண்தானாம், இந்தக் கோடையில் ஆணைப் பிடித்து எழுதிவிடப் போகிறாராம். முதலில் எழுதுகிறவர் வைப்பதுதான் பெயர். ஹாக்கியில் ஸ்வீடனிடம் தோற்றாலே எங்களுக்கு ஒரு வாரம் சாப்பாடு இறங்காது. சொந்தப் படிக்கட்டில் கண்ட ஈயை அவர்களுக்கு விட்டுக்கொடுப்பதா? மச்சான் கடிதத்தை நாலாய் மடித்து விறகுப் பெட்டியில் போட்டார்.

ஜூன் கடைசிச் சனிக்கிழமை. படியில் உட்கார்ந்து சாசேஜ் தின்றுகொண்டிருந்தேன். மச்சான் லென்ஸைக் கண்ணில் வைத்தபடி, பூச்சியை உறிஞ்சிப் பிடிக்கும் குழாயை வாயில் கவ்விக்கொண்டு, என்னை நோக்கித் தவழ்ந்து வந்தார். எனக்கு முழங்காலில் ஏதோ ஊர்ந்தது. எங்கள் ஊரில் பிறந்த எவனும் செய்வதைச் செய்தேன். பளார்!

மச்சான் என் உள்ளங்கையைத் திருப்பி லென்ஸ் வழியாகப் பார்த்தார். ஒரு கறுப்புத் தீற்றல், ஒரு மஞ்சள் கால்.

"ஆண்" என்றார். அவ்வளவுதான்.

அடுத்த சனிக்கிழமை போனேன். மச்சான் பேசவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் பேசவில்லை. நான் எதையும் கவனிக்கவே இல்லை. பேசாமல் சேர்ந்து உட்கார்ந்திருப்பதுதானே எங்களுக்கு உறவு! மூன்றாம் வாரம், "மச்சான் இப்பல்லாம் ரொம்ப நிம்மதியா இருக்காரு போல" என்று அக்காவிடம் சொன்னேன்.

"எருமை! அவரு உன்மேல கோவமா இருக்காருடா. மூணு வாரமா!"

"கோவமா? எப்பவும் போலத்தானே இருக்காரு?"

"எப்பவும் 'ம்'னாச்சும் சொல்லுவாருல்ல? இப்ப அதுவும் இல்ல. ராத்திரி தூக்கமில்லாம அந்தப் பல் டாக்டரைத் திட்டிட்டுக் கெடக்காரு."

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பதினோரு வருஷம் குனிந்து தேடிய மனிதர். நான் ஒரே அறையில் முடித்துவிட்டேன். நேரே படிக்கட்டுக்குப் போய்த் துணியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தேன். பொடிக்கொசு வரும் இடத்துக்குத்தானே அந்த ஈயும் வரும்? கொசுவை விரட்டும் தார்த் தைலம் பூசவில்லை. கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

மச்சான் வெளியே வந்து பார்த்தார். உள்ளே போய் லென்ஸை எடுத்து வந்தார்.

அன்று மாலை முழுக்க என் உடம்பு சத்திரமாயிற்று. வந்த ஈ மூன்றும் பெண். மறுநாள் மாலை மறுபடி உட்கார்ந்தேன்.

"மச்சான், மூக்குல கடிக்குது."

"கடிக்கட்டும்." மூன்று வாரத்தில் முதல் பேச்சு. "அதான் அதுக்குச் சாப்பாடு."

"நான் என்ன பந்தியா?"

"ஆடாதே!"

என் இடது முழங்காலில் ஒன்று வந்து உட்கார்ந்தது. மச்சான் மூச்சைப் பிடித்துக் குனிந்து, குழாயை வைத்தார். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுக் கேர்த்து கேக் தட்டைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். ஒரு அம்மணமான மரலாரி டிரைவர், அவன் காலருகே இன்னொரு அம்மணமான கிழவர், வாயில் ரப்பர் குழாய். கேர்த்து தட்டைப் படியில் வைத்தாள்.

"ஆவி நல்லா இருந்துச்சா?"

"இருந்துச்சு" என்றேன்.

"நல்லது" என்று போய்விட்டாள்.

மச்சான் கண்ணாடிக் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "ஆண்" என்றார். பிறகு என் தோளில் ஒரு தட்டு தட்டினார். ஏற்கெனவே வீங்கியிருந்த தோள்.

குளிர்காலத்தில் சாப்பாட்டு மேஜை ஈயின் வசமாயிற்று. "ஒரு ஈயோட பின்பக்கத்தை மூணு வாரம் வரைஞ்சாரு. என் மூஞ்சிய ஒருநாள் இப்படிப் பாத்திருப்பாரா? அதுக்கு என் பேரை வெக்கலைன்னா மேஜை கெடையாதுன்னு சொல்லிட்டேன்" என்றாள் அக்கா.

வசந்தத்தில் கட்டுரை அச்சாகி வந்தது. மச்சான் அதை என் முன் போட்டுவிட்டு விறகு பிளக்கப் போய்விட்டார். அக்காதான் படித்துச் சொன்னாள். ஈ அகப்பட்ட இடம்: சவுனாப் படிக்கட்டு, மனித முழங்கால், இடது. பெயர்: மொய்லனெனி. இரண்டு மாலை கை ஓங்காமல் உட்கார்ந்திருந்த மொய்லனெனுக்கு நன்றியாக.

மொய்லனென் நான்தான். முப்பது வருஷத்தில் அவர் எனக்குச் சொன்ன முதல் நன்றி, அதுவும் ஊருக்கெல்லாம் அச்சடித்து! அக்கா என்ன சொல்வாளோ என்று பயந்து நிமிர்ந்தேன். அவள் முகம் மலர்ந்திருந்தது.

"என் பொறந்த வீட்டுப் பேருல்ல வெச்சிருக்காரு!"

விறகு பிளக்கும் இடத்துக்குப் போனேன். "மச்சான்..."

"ஏதாவது ஒரு பேரு வெக்கணும்ல?" என்று கோடரியை ஓங்கினார்.

இப்போதெல்லாம் படிக்கட்டில் எது வந்து கடித்தாலும் கை தானாக எழும்புகிறது, பாதியில் நின்றுவிடுகிறது. மச்சானிடம் லென்ஸை வாங்கி, வந்திருப்பது எங்கள் குடும்பத்து ஆள் இல்லை என்று பார்த்த பிறகுதான் அடிக்கிறேன். அதற்குள் அது கடித்துவிட்டுப் போய்விடுகிறது.